நிறமில்லாததைக் காட்டும் பட்டகம்

நுண்ணோக்கியின் ஆப்ஜெக்டிவுக்கு மேலே ஓர் உலோகச் சட்டம் செருகப்பட்டிருக்கும். அதன் நடுவில் உள்ள துண்டைப் பார்த்தால் சாதாரணக் கண்ணாடி என்றே தோன்றும். உண்மையில் அது ஆப்பு வடிவில் சீவி ஒட்டிய இரண்டு குவார்ட்ஸ் துண்டுகள். நொமார்ஸ்கி பட்டகம் என்று பெயர். உயிரோடு இருக்கும் செல்லுக்குப் பெரும்பாலும் நிறம் கிடையாது. சாயம் ஏற்றினால் பெரும்பாலும் செத்துவிடும். சாகடிக்காமல் அதன் உள்ளமைப்பைப் பார்க்க வழிசெய்தவற்றில் இந்தப் பட்டகத்துக்குத் தனி இடம் உண்டு.

இதன் பூர்வீகம் ஐஸ்லாந்து. அந்நாட்டின் கிழக்குக் கரையில் கிடைத்த தெளிவான கால்சைட் படிகத்தை ஓர் எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். கோபன்ஹேகனில் இருந்த எராஸ்மஸ் பார்த்தோலின் 1669இல் இந்த விந்தையைப் பதிவு செய்தார். உள்ளே நுழையும் ஒளியைப் படிகம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்றின் அதிர்வுத் தளம் மற்றதற்குச் செங்குத்து. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய வேதியியலாளர் வொல்லாஸ்டன், இத்தகைய படிகத்தில் இரண்டு ஆப்புகளை அச்சு மாற்றி ஒட்டினார். ஒரு கதிர் உள்ளே போனால், சிறு கோணத்தில் விலகிய இரண்டு கதிர்கள் வெளியே வந்தன.

அந்தப் பட்டகத்தை நுண்ணோக்கிக்குள் கொண்டுவர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இடப் பிரச்சினைதான் முக்கியத் தடை. வொல்லாஸ்டன் பட்டகம் ஆப்ஜெக்டிவின் பின்குவியத் தளத்தில் அமர வேண்டும். நல்ல ஆப்ஜெக்டிவ்களில் அந்தத் தளம் லென்ஸ்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். போலந்தில் பிறந்து பாரிசில் பணியாற்றிய ஜார்ஜ் நொமார்ஸ்கி 1950களில் ஒரு வழி கண்டார். இரண்டு ஆப்புகளில் ஒன்றின் படிக அச்சை மட்டும் சாய்த்து வெட்டினார். பிரிந்த கதிர்கள் சந்திக்கும் தளம் பட்டகத்தை விட்டு வெளியே தள்ளிப் போயிற்று. இனி லென்ஸைப் பிரிக்க வேண்டாம். பட்டகத்தை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் இதை விற்பனைக்கு வரும் கருவியாக்கியது.

வேலை நடக்கும் முறை இதுதான். விளக்கொளி முதலில், அதை ஒரே தளத்தில் அதிரவைக்கும் போலரைசர் வழியாக வருகிறது. செல்லின் மேல் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரில் உள்ள இன்னொரு பட்டகம் அதை இரட்டையாகப் பிரிக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி மைக்ரோமீட்டரில் ஒரு பின்னம். நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாத அளவு. இரண்டும் செல்லின் அடுத்தடுத்த புள்ளிகளைக் கடக்கின்றன. ஓரிடத்தில் தடிமனோ ஒளிவிலகல் எண்ணோ கூடினால் ஒரு கதிர் பின்தங்கும். மேலே உள்ள பட்டகம் இரண்டையும் சேர்க்க, இரண்டாவது போலரைசரான அனலைசர் அந்தப் பின்னடைவை வெளிச்ச வேறுபாடாக மாற்றுகிறது. அதாவது பட்டகம் பொருளை அளப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தை மட்டுமே அளக்கிறது. சாய்வான மாலை வெயிலில் உழுத நிலத்தின் சால்கள் எடுப்பாகத் தெரிவதுபோல் செல்லின் விளிம்புகள் புடைத்து நிற்பது இதனால்தான். அந்தப் புடைப்பை உண்மையான மேடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படம் தெளிவாக வர முதலில் இருட்டைச் சரிசெய்ய வேண்டும். பட்டகங்களை எடுத்துவிட்டு, போலரைசரையும் அனலைசரையும் குறுக்காகத் திருப்பினால் புலம் நன்றாகக் கறுக்க வேண்டும். கறுக்காவிட்டால் எங்கோ ஒளி கசிகிறது. பட்டகங்களைச் செருகி, மேல் பட்டகத்தின் திருகை மெல்லத் திருப்பினால் பின்புலம் சாம்பலாகும். விளிம்பின் ஒருபுறம் வெளுத்து மறுபுறம் கறுக்கும். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்தினாலே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் படம் வெளிறும். கண்டென்சர் துளையைப் பாதிக்குக் கீழே மூடினால் கான்ட்ராஸ்ட் கூடுவதுபோல் தோன்றினாலும் நுணுக்கம் போய்விடும். முக்கால் பங்கு திறந்திருப்பது நல்லது.

கன்னத்தின் உட்புறச் செல் ஒன்றை வைத்துப் பாருங்கள். சாதாரண ஒளியில் மங்கிய தோல்துண்டு. டிஐசி எனப்படும் இந்தப் பட்டக முறையில் உட்கரு பொத்தானாக எழும். மேற்பரப்பின் மடிப்புகளும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களும் தனித்தனியே தெரியும். ஸ்லைடைத் திருப்பினால் சில மடிப்புகள் காணாமல் போய் வேறு சில முளைக்கும். கதிர்கள் விலகும் திசைக்கு இணையாக ஓடும் கோடு இந்தப் பட்டகத்துக்குத் தெரியாது. அதனால் சுழலும் மேடை இங்கே அவசியம்.

பட்டகத்தின் பெரிய சாதனை கேம்பிரிட்ஜில் நிகழ்ந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் புழுவின் செல்கள் ஒவ்வொன்றும் எங்கே பிரிகின்றன, எது சாகிறது என்பதை உயிரியலாளர் ஜான் சல்ஸ்டன் நொமார்ஸ்கி ஒளியில் உயிரோடு பார்த்துக் கையால் வரைந்தார். கருவிலிருந்து தொடங்கும் முழு வம்சாவளி 1983இல் வெளிவந்தது. வளர்ந்த இருபாலிப் புழுவில் உடல்செல்கள் 959. திட்டமிட்டுச் செல்கள் சாகும் விதத்தைப் புரிந்துகொள்ள இந்த வரைபடம் அடித்தளமானது. இந்தப் புழு ஆய்வுக்காக 2002 நோபல் பரிசு சல்ஸ்டனுக்கும் சக ஆய்வாளர்களான பிரென்னர், ஹார்விட்ஸ் இருவருக்கும் கிடைத்தது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நுண்ணோக்கி ஆய்வாளர்கள் ராபர்ட் ஆலனும் ஷின்யா இனோவேயும் இந்த இருட்டு விதியைத் தலைகீழாக்கினர். கண்ணுக்குத்தான் இருட்டு வேண்டும். வீடியோ கேமராவுக்கு வேண்டாம். கண் கூசும் அளவு ஒளியை உள்ளே விட்டு, மிகைப் பின்புலத்தை மின்னணு முறையில் கழித்தார்கள். வெறும் 25 நானோமீட்டர் தடிமன் உள்ள மைக்ரோட்யூபுல்கள் திரையில் தெரிந்தன. கணவாயின் பெரு நரம்பிழையில் அவற்றின் மேல் துகள்கள் ஓடுவதைப் பார்த்த ஆய்வாளர்கள், 1985இல் அந்த ஓட்டத்தை இயக்கும் கைனசின் புரதத்தைப் பிரித்தெடுத்தனர்.

எங்கும் நுழையும் இந்தப் பட்டகம் பிளாஸ்டிக்கிடம் தோற்கும். செல்களை வளர்க்கும் பிளாஸ்டிக் டிஷ்ஷே ஒளியை இரட்டையாகப் பிரிப்பதால் படம் கெடும். ஒளிர்வுப் படம் எடுக்கும்போதும் பட்டகத்தை வெளியே இழுத்துவிட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு புள்ளியும் லேசாக இரட்டிக்கும். ஆகவே டிஐசி படம் மங்கினால் கேமராவின் கான்ட்ராஸ்ட் பொத்தானைத் தேடுவதற்கு முன், டிஷ் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பிறகு பட்டகங்களை எடுத்துவிட்டுப் புலம் கறுக்கிறதா என்று பாருங்கள்.