அற்புத மருந்தும் கொட்டியாரக் கரையும்

தீராப் பிணியை நொடியிலே தீர்க்கும் மருந்தைக் கனவு காணாத நாடு இல்லை. சஞ்சீவி மலையின் கதை கேட்டு வளர்ந்த நமக்குத் தொலைக்காட்சி விஞ்ஞானக் கதைகளில் வரும் மருந்துகள் அத்துணைப் புதுமையல்ல. 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொடரில், 1967ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு கதையிலே கோர்ட்ரசீன் என்றொரு மருந்து வருகிறது. அதனைச் சிறிதளவு ஏற்றியதும் நெஞ்சு தளர்ந்து வீழ்ந்தவன் புன்னகையோடு எழுகிறான். அதுவே தவறுதலாக மிகுதியாய் உடலிற் புகுந்ததும் மருத்துவர் சித்தங் கலங்கி ஓடுகிறார். கற்பனை மருந்துக்கும் கதை ஓர் எல்லை வகுத்தது. மெய்யான மருந்துகளின் எல்லை யாது? திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவிலிருந்து இதனை நோக்குவோம்.

1660ஆம் ஆண்டு அக்குடாவிலே கண்டி மன்னனின் வீரரிடம் சிறைப்பட்டான் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன். உடன் பிடிபட்ட தந்தையார் மறு ஆண்டிலே காய்ச்சலால் மாண்டார். பின்னாளில், குளத்துநீர் குடித்து நோயுற்ற நொக்ஸ், கஞ்சா இலைத் தூளைக் கருப்பட்டியோடு காலையும் மாலையும் உண்டான். அதன்பின் நோய் அணுகவில்லை என்று 1681இல் வெளிவந்த தன் நூலிலே எழுதினான். அதுவே அவன் கண்ட அற்புத மருந்து! தண்ணீரே குற்றவாளி என்று அவன் நம்பினான். மலேரியாக் கிருமியை நுளம்பின் வயிற்றிலே றொனால்ட் றொஸ் கண்டது 1897இலேதான்.

கொட்டியாரத்திலே கடல் சேரும் மகாவலி போன்ற ஆறுகள், மழை பொய்த்தால் குட்டைகளாய்த் தேங்கும். அக்குட்டைகளே அந்நுளம்பின் தொட்டில். 1934-35இல் இலங்கையில் மூண்ட கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. கொயினா மாத்திரை காய்ச்சலைத் தணித்ததேயன்றி, நுளம்பைத் தடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரை அடுத்து டி.டி.ரி. வந்தது. வீட்டுச் சுவர்கள்தோறும் அதனைத் தெளித்தார்கள். 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் மலேரியா கண்டோர் வெறும் 17 பேர்!

வெற்றி முற்றிற்று என்று எண்ணித் தெளிப்பை நிறுத்தினர், காவலும் தளர்ந்தது. 1967இலே நோய் மீண்டும் தலைதூக்கியது. ஈராண்டுக்குள் இலட்சக்கணக்கானோர் குளிரில் நடுங்கினர். நுளம்போ டி.டி.ரி.யைத் தாங்கும் ஆற்றலையும் பெற்றுவிட்டது. கற்பனை மருத்துவர் மருந்தின் மிகுதியாற் கலங்கிய அதே ஆண்டிலே, நாம் மருந்தின்மேல் வைத்த மிகுதியான நம்பிக்கையாற் கலங்கினோம்.

பின்னர் வந்த வெற்றி எந்த ஒரு மருந்தாலும் விளைந்ததன்று. காய்ச்சல் கண்டோரின் இரத்தத்தை ஊரூராய்ச் சோதித்தமையும், மருந்து தோய்ந்த நுளம்பு வலையும், போர்க் காலத்திலும் கைவிடாத களப்பணியுமே அதனை ஈட்டின. உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் 2012 ஒக்டோபருக்குப் பின் 2016 வரை காணப்படவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம், இலங்கை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது.

ஆயினும் அயல்நாட்டிலிருந்து வருவோரின் இரத்தத்திலே கிருமி வரக்கூடும். நுளம்போ இன்னும் நம் ஆற்றங்கரையிலேதான் வாழ்கிறது. மருந்து நோயாளியைக் காக்கும். ஊரைக் காப்பது ஓயாத விழிப்பு. 17 என்னும் எண்ணைக் கண்டு ஒருமுறை உறங்கியவர்கள் நாம். மற்றொரு முறை உறங்கலாகாது.