வானத்துக்கு ராக்காவல்

"பி.காம் படிக்கிற உனக்கு எக்ஸ்ரே தொலைநோக்கி எதுக்குடா?" என்று வகுப்பில் கேட்டார்கள். காரணம் எங்க தாத்தாதான் :) அறுவடை முடிந்து களத்தில் நெல் அம்பாரமாகக் கிடக்கும்போது ராக்காவலுக்கு அவர்தான் போவார். "ஒரே பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு காவலாடா?" என்பார்.

வானத்துக்கும் அது பொருந்தும். எக்ஸ்ரே வீசும் விண்மீன்களில் பல திடீரென்று பொங்கி, பிறகு அடங்கிவிடும். எந்த மூலையில், எப்போது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் அகலமாகப் பார்க்கும் கருவி வேண்டும். காற்று மண்டலம் எக்ஸ்ரேயைத் தடுத்துவிடுவதால் மேலே போய்த்தான் பார்க்கவும் வேண்டும்.

1962-இல் ஜியாக்கோனி குழு ஒரு ராக்கெட்டில் கருவியை அனுப்பி, சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ்ரே மூலத்தைக் கண்டது. 1968-இல் நம்ம டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்திலிருந்து பலூனில் கருவியை ஏற்றியது. 1975 ஏப்ரல் 19-இல் போன ஆரியபட்டாவிலும் ஒரு எக்ஸ்ரே கருவி இருந்தது. நாலே நாளில் மின்சாரக் கோளாறு. ஆராய்ச்சி அதோடு நின்றது. எங்க கணக்குப் பாடப்படி இது நஷ்டம்தான்.

அடுத்த நல்ல வாய்ப்பு வர 21 வருஷம் ஆனது. 1996-இல் ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோளில் வானத்தை அகலமாகப் பார்க்கும் ஊசித்துளைக் கேமரா ஒன்று போனது. கீற்றுக் கூரையில் ஒரு ஓட்டை இருந்தால் தரையில் வெயில் வட்டம் விழும் அல்லவா? சூரியன் நகர வட்டமும் நகரும். வட்டம் விழும் இடத்தை வைத்துத் திசையைச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சின்ன ஓட்டை வழியே வரும் வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம்.

அதற்கு வழி, ஓட்டைகளை அதிகமாக்குவது. முற்றத்து வெயிலில் சல்லடையைப் பிடித்தால் விழும் நிழல் மாதிரி, துளைத் தகட்டின் நிழல் உணர்கருவி மேல் விழும். அந்த நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணினி கணக்குப் போட்டுத் திசையைச் சொல்லும். 2015 செப்டம்பர் 28-இல் ஏவிய அஸ்ட்ரோசாட்டில் இப்படி மூன்று கேமராக்கள் சுழலும் மேடையில் இருந்தன. உள்ளே வாயு நிரப்பிய பெட்டி, அதில் மெல்லிய கம்பிகள். எக்ஸ்ரே பட்டதும் உண்டாகும் மின்னூட்டம் கம்பியின் இரு முனைக்கும் பிரிந்து போகும். எந்தப் பக்கம் எவ்வளவு என்ற விகிதமே பட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அதே செயற்கைக்கோளில் இன்னொரு கருவியும் உண்டு. காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் கலந்த படிகங்கள், மொத்தம் 16,384 புள்ளிகள். பார்வை குறுகலானதுதான். ஆனால் ஆற்றல் மிகுந்த கதிர்கள் பக்கச் சுவரைத் துளைத்தே உள்ளே வந்துவிடும். அக்டோபர் 6-இல் கருவியை இயக்கினார்கள். அன்றைக்கே, அது பார்த்துக்கொண்டிருந்த திசைக்குச் சுமார் 60 டிகிரி தள்ளி நடந்த ஒரு காமாக்கதிர் வெடிப்பு அதில் பதிவானது! 2023 நவம்பருக்குள் இப்படி 600 வெடிப்புகள்.

ஆரியபட்டாவின் அந்த நாலு நாளை இப்போது எந்தப் பக்கம் எழுதுவது? செயற்கைக்கோள் கட்டும் கையே அதில்தான் பழகியது. நான் மூலதனம் என்றுதான் எழுதுவேன்.