ஜெர்சி வந்த பிறகு வெயில்

ராசிபுரம் நெய் என்று வெளியூர்க்காரர் யாராவது சொன்னால் எனக்கு ஏரியில் கழுத்தளவு கிடந்த எருமைகள்தான் நினைவுக்கு வரும். "எருமை மாதிரி கிடக்காதே" என்று திட்டு வாங்கியவர்கள் நம்மில் பலர். பாவம், அது சோம்பல் அல்ல. கறுப்புத் தோல் வெயிலை வாங்கும்; வியர்வைச் சுரப்பியோ எருமைக்கு மிகக் குறைவு. தண்ணீரும் சேறும்தான் அதற்கு விசிறி.

காங்கேயம், ஆலம்பாடி போன்ற நம் மாடுகளுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. தொங்கும் தாடி, தளர்ந்த தோல், நன்றாக வியர்க்கும் உடம்பு. பாலும் குறைவுதான். இதை நாம் சரியாக யோசிப்பதில்லை: தீனி செரிப்பதும் பால் சுரப்பதும் உடம்புக்குள் சூடு கிளப்பும் வேலைகள். கறவை கூடக் கூட மாட்டுக்குள்ளேயே அடுப்பு எரிகிறது.

1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. கலப்பினம் பரவியபோது மலைக்கு ஃப்ரீசியன், சமவெளிக்கு ஜெர்சி என்று தமிழ்நாட்டில் பிரித்தார்கள். ஜெர்சி சிறிய உடம்பு, ஃப்ரீசியனைவிட வெயில் தாங்கும்; தேர்வு சரிதான். ஆனாலும் அதன் பூர்வீகம் இங்கிலீஷ் கால்வாயில் ஒரு தீவு. நம்மூர்ச் சித்திரை வெயில் அதன் ரத்தத்தில் இல்லை. வாயைத் திறந்து இரைக்கும், தட்டைத் தொடாது, சினை நிற்காது. சொசைட்டிப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்திய பெண்களுக்குக் கோடை என்றால் பால் அட்டையில் எண்கள் இறங்கும் காலம்.

அதே காலத்தில்தான் கூரைக் கொட்டகை போய் சிமெண்ட் ஷீட் வந்தது, வேப்பமரம் போனது, ஏரியும் வற்றியது. மாடு மாறியபோதே நிழலும் மாறிவிட்டது என்பதுதான் என் குறை.

நாமக்கல்லில் 1985-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. கால்நடை டாக்டர்கள் சொல்வதைக் கேட்டால் பாதி நம் பாட்டிமார் செய்ததுதான்: தட்டை விடியலிலும் இரவிலும் போடு, தொட்டியில் தண்ணீர் வற்ற விடாதே, ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பு. ஒன்று மட்டும் புதிது. காற்றோட்டமில்லாத கொட்டகையில் மாட்டின் மேல் தண்ணீர் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். முதலில் பக்கச் சுவரைக் குறைக்க வேண்டும், அல்லது மின்விசிறி மாட்ட வேண்டும். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.