மூழ்கிய நெல் பிழைப்பது எப்படி? மரபணு சில்லு சொன்ன விவரம்

நட்டு ஒரு மாதமான சம்பா பயிர் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். நீர் வடிந்ததும் உங்கள் வயல் அழுகிப் போகிறது. சி.ஆர். 1009 சப் 1 நட்ட பக்கத்து வயலில் குருத்து விடுகிறது. மண்ணும் தண்ணீரும் ஒன்றுதான். அப்படியானால் பயிருக்குள் என்ன நடந்தது? இதை ஆராய உதவிய கருவிதான் மைக்ரோஅரே என்னும் மரபணு சில்லு.

பயிரின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. வேலை செய்யும் மரபணு, ஆர்.என்.ஏ. என்ற நகலை உண்டாக்கும். அந்த நகல் எவ்வளவு என்று அளப்பதுதான் சில்லின் வேலை. சிறு கண்ணாடித் துண்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மரபணுவின் டி.என்.ஏ. துண்டு. மூழ்கிய பயிரின் நகலுக்குச் சிவப்பும், மூழ்காத பயிரின் நகலுக்குப் பச்சையுமாகச் சாயம் ஏற்றிச் சில்லில் விடுவார்கள். ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்பாக ஒளிரும் மரபணு, மூழ்கியபோது அதிகம் வேலை செய்தது. பச்சை என்றால் வேலை குறைந்தது. மஞ்சள் என்றால் மாற்றமில்லை. இன்று மருத்துவ ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் இந்த முறையை, 1995-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கடுகுக் குடும்பச் செடி ஒன்றின் 45 மரபணுக்களை வைத்துத்தான் செய்து காட்டினார்கள்!

நெல்லுக்கு வருவோம். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ ரகத்தின் வெள்ளம் தாங்கும் குணத்துக்குக் காரணம் சப்1ஏ மரபணு என்பது 2006-ல் தெரியவந்தது. பின்னர் கலிஃபோர்னியாவில் எம் 202 என்ற நெல்லையும், அதிலேயே சப்1ஏ சேர்த்த நெல்லையும் மூழ்கடித்துச் சில்லில் ஒப்பிட்டார்கள். பல மரபணுக்களின் வேலை இரண்டிலும் வேறுபட்டது. சாதாரண நெல், தலையை வெளியே நீட்ட மடமடவென்று வளர்ந்து, சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துவிடும். சப்1ஏ உள்ள நெல் வளர்ச்சியை அடக்கிச் சத்தை மிச்சம் பிடிக்கும். நீர் வடிந்ததும் அதைக் கொண்டு துளிர்க்கும்.

சப் 1 ரகங்கள் மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல. ஒட்டுச் சேர்க்கையில் உருவானவை. விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினால் இவற்றையும் நம்ப முடியாது. விதை முளைக்கும்போதும், பூக்கும் பருவத்திலும் வெள்ளம் வந்தாலும் பலனில்லை. நீர் வடிந்த அன்றே யூரியா போடாதீர்கள். புது இலை விட்ட பிறகு போடுங்கள்.