திருச்சபை ஆண்டில் ஞாயிறும் திங்களும்

தைப்பொங்கல் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே தேதியில் வருகிறது; தீபாவளியோ முன்னும் பின்னுமாக நகர்கிறது. முன்னது ஞாயிற்றின் செலவைப் பற்றியது. பின்னது திங்களின் தேய்வைப் பற்றியது. இவ்விரு கணக்குகளோடும் வளர்ந்த நமக்குக் கிறிஸ்தவத் திருச்சபையின் ஆண்டு புதிராகத் தோன்றாது. கிறிஸ்துமஸ் கதிரவனைச் சார்ந்து ஒரே தேதியில் நிற்பது. ஈஸ்டர் என்னும் உயிர்ப்புத் திருநாள் மதியைத் தொடர்ந்து, மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை நகர்வது.

மேலைத் திருச்சபைக்கு ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலமே அதன் தலைவாயில். காத்திருத்தலே அக்காலத்தின் பொருள். அடுத்து வரும் பிறப்பு விழா காலத்தாற் பிந்தியது. உரோமையில் அது டிசம்பர் 25-இல் கொண்டாடப்பட்டதற்குக் கிடைக்கும் முதற் சான்று கி.பி. 336-ஆம் ஆண்டினது. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள், அங்கே 1724-இல் எழுந்த ஆர்மேனியர் தேவாலயத்தில் ஜனவரி 6-இல் கிறிஸ்துமஸ் நிகழ்வதைக் கண்டிருக்கக் கூடும். இயேசுவின் பிறப்பையும் திருமுழுக்கையும் ஒருங்கே கொண்டாடும் பழைய மரபு அது.

தவக்காலம், இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததன் நினைவு. ஞாயிறுகளை நீக்கி எண்ணினால் நாற்பது நாள் வரும். அதன் முதல் நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர் விபூதிப் புதன் என்று வழங்குவர். அன்று நெற்றியில் இடும் சாம்பல், முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்து எடுத்தது. ஆரவாரத்தோடு கையில் ஏந்திய ஓலை, மறு ஆண்டு துயரத்தின் நீறாகிறது. ஆண்டுச் சக்கரத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சடங்கு வேறுண்டோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பின்னர்ப் பெரிய வெள்ளி, உயிர்ப்பு, ஐம்பதாம் நாளில் தூய ஆவியின் வருகையைப் போற்றும் பெந்தெகோஸ்தே.

இந்த உயிர்ப்பு நாளைக் குறிப்பதில்தான் பெரும் பிணக்கு எழுந்தது. சின்ன ஆசியாவில் இருந்தோர் யூதரின் நிசான் மாதப் பதினான்காம் நாளை, அது எக்கிழமையாயினும், கைக்கொண்டனர். உரோமையார் ஞாயிற்றுக்கிழமையே வேண்டுமென்றனர். கி.பி. 155-ஐ ஒட்டி, ஸ்மிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப், உரோமை ஆயர் அனிசேத்துஸைக் கண்டு பேசினார். ஒருவரை ஒருவர் இணங்கச் செய்ய இயலவில்லை. எனினும் அனிசேத்துஸ் தம் ஆலயத்திலேயே திருப்பலி நிறைவேற்றும் மதிப்பை விருந்தினருக்கு அளித்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தனர். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், விக்தோர் என்னும் உரோமை ஆயர் ஆசியச் சபைகளை உறவினின்று விலக்க முற்பட்டபோது, இளமையில் பொலிகார்ப்பின் மொழிகளைக் கேட்டிருந்த லியோன் நகர் ஆயர் இரேனியுஸ், அப்பழைய சந்திப்பை நினைவூட்டிக் கடிதம் எழுதினார். நாள் வேறானால் உறவும் வேறாக வேண்டுமோ என்பதே வழக்கு.

கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய சங்கம், எல்லோரும் ஒரே நாளில் கொண்டாடுக என்றது. மார்ச் 21-ஐச் சமராத்திரி நாளாகக் கொண்டு, அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுமதிக்கு அடுத்த ஞாயிறு என்ற விதி நாளடைவில் நிலைபெற்றது. ஆனால் ஜூலியஸ் சீசரின் பஞ்சாங்கம் மெல்லப் பிசகியது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரெகோரி பத்து நாட்களை நீக்கினார்; அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. கீழைச் சபைகளிற் பல ஈஸ்டருக்குப் பழைய கணக்கையே இன்றும் பின்பற்றுகின்றன.

நிசேயா கூடி 1700 ஆண்டு நிறைந்த 2025-இல் இரு கணக்குகளும் ஏப்ரல் 20-ஆம் நாளில் தாமாகவே ஒன்றுபட்டன. 2026-க்கோ ஒரு கணக்கு ஏப்ரல் 5 என்றது. மற்றது ஏப்ரல் 12 என்றது.