கோடிகளை மறுத்த குத்துச்சண்டை வீரன்

1970 களின் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுபவர்கள் முஹம்மத் அலி, ஜோ பிரேஸியர், ஜோர்ஜ் போர்மன் என்று பெயர்களை அடுக்குவார்கள். அவர்களுக்கு நிகரானவராக அக்காலத்தில் மதிக்கப்பட்ட இன்னொரு பார எடை வீரர், ஒரு தடவையேனும் பணத்துக்காக மேடையேறியதில்லை. கியூபாவின் தியோபிலோ ஸ்டீவன்சனே அவர்.

1952 மார்ச் 29 ஆம் திகதி கிழக்குக் கியூபாவின் புவேர்ட்டோ பட்ரேயில் பிறந்தவர். தந்தை சென். வின்சென்ற் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர். புரட்சிக்குப் பின்னர் 1960 களின் தொடக்கத்தில் பிடல் காஸ்ட்ரோவின் அரசாங்கம் தொழில்முறை விளையாட்டைத் தடைசெய்து, வீரர்களை உருவாக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. அல்சிடெஸ் சகாராவும் சோவியத் பயிற்றுநர் அந்திரே செர்வொனென்கோவும் இந்த நெடிய இளைஞனைச் செதுக்கினார்கள்.

1971 இல் பான் அமெரிக்க விளையாட்டு விழாவில் அமெரிக்கரான டுவேன் பொபிக்கிடம் ஸ்டீவன்சன் தோற்றார். மறுவருடம் மியூனிச் ஒலிம்பிக் காலிறுதியில் அதே பொபிக்கை மூன்றாவது சுற்றில் வீழ்த்திய போதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இறுதிப்போட்டிக்கு ருமேனிய வீரர் காயம் காரணமாக வரவில்லை. இருபது வயதில் தங்கப்பதக்கம்! 1976 மொன்றியலில் அரையிறுதியில் ஜோன் டேற்றை முதற் சுற்றிலேயே சாய்த்தார். அந்த டேற் மூன்று வருடங்களில் உலகத் தொழில்முறைச் சம்பியன்களில் ஒருவரானார் என்பதை இங்கு கவனிக்கவேண்டும். 1980 மொஸ்கோவில் மூன்றாவது தங்கம். ஒரே எடைப்பிரிவில் மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்ற முதலாவது குத்துச்சண்டை வீரர் அவரே.

அலியுடன் மோதவைக்க அமெரிக்க ஒழுங்கமைப்பாளர்கள் மில்லியன் கணக்கான டொலர்களை நீட்டினார்கள். கோடிக்கணக்கான டொலர்களை விட கியூப மக்களின் அன்பே தனக்குப் பெரிது என்ற அர்த்தத்தில் அவர் பதிலளித்தார். மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார்? ஸ்டீவன்சன் பழகியது மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுக்களுக்கு; அலியின் பட்டப்போட்டிகள் பதினைந்து சுற்றுக்கள். இந்த வேறுபாட்டை மறந்து சொல்லப்படும் எந்தத் தீர்ப்புக்கும் பெறுமதியில்லை.

அவரைப் புரட்சியின் துறவியாகக் காட்டியவர்களும் உண்டு, அரசின் கைதி என்று இரங்கியவர்களும் உண்டு. தொழில்முறைக்குப் போவதென்றால் தாய்நாட்டைக் கைவிடவேண்டும் என்பது உண்மை. ஆனால், வெளிநாடுகளுக்கு அடிக்கடி போனவர் ஒவ்வொரு தடவையும் திரும்பிவந்தார். 1986 இல் அமெரிக்காவின் ரீனோ நகரிலேயே தனது மூன்றாவது உலக அமெச்சூர் பட்டத்தை வென்று, அங்கிருந்தும் ஹவானாவுக்கே போனார். அந்த மறுப்பு அவருடையது என்றே நான் கருதுகிறேன்.

1984 இன் இழப்பு அப்படியானதல்ல. சோவியத் ஒன்றியத்தைப் பின்பற்றி கியூபா லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தது. அங்கு தங்கம் வென்ற அமெரிக்கர் டைரல் பிக்ஸ், ஸ்டீவன்சனிடம் முன்னர் தோற்றவர். பகிஷ்கரித்த நாடுகளுக்காக ஹவானாவில் நடத்தப்பட்ட போட்டியில் ஸ்டீவன்சன் வென்றார். அந்த வெற்றியை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் சொற்பம். பணத்தை வேண்டாம் என்றவர் அவர். நான்காவது தங்கத்தை வேண்டாம் என்றது அரசாங்கம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கையும் கியூபா பகிஷ்கரித்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு.

பின்னர் கியூபக் குத்துச்சண்டைச் சம்மேளனத்தின் உப தலைவராகப் பணியாற்றினார். 1996 இல் மருத்துவ உதவிப் பொருட்களுடன் ஹவானா வந்த அலியை வரவேற்றவர்களில் அவரும் ஒருவர். பார்க்கின்சன் நோயால் அலியின் கைகள் அப்போது நடுங்கிக்கொண்டிருந்தன.

ஸ்டீவன்சன் 2012 ஜூன் 11 ஆம் திகதி ஹவானாவில் மாரடைப்பால் காலமானார். வயது அறுபது. ஏறத்தாழப் பத்து வருடங்கள் கழித்து, 2022 மே மாதம் மெக்சிக்கோவில், கியூப வீரர்கள் தங்கள் அரசாங்கத்தின் அனுமதியுடனேயே தொழில்முறை மேடையில் ஏறினார்கள்.