எழுத்தணிக் கலையின் முதற்பாடம்

அரபு எழுத்தணிக் கலையை ஓய்வுநேரத்தில் பயில விரும்பும் இளைஞர்களை இன்று நாம் காண்கிறோம். நாணல் எழுதுகோலும் மையும் வாங்கிய அன்றே ‘பிஸ்மில்லாஹ்’வை அலங்கார வடிவில் எழுத முனைகின்றனர். அது அழகுற அமையாதபோது, ‘இது பிறவியிலேயே வரவேண்டிய திறமை’ என்று சொல்லிக் கைவிடுகின்றனர். இக்கலையின் வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது.

அப்பாஸிய கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராயிருந்தவர் இப்னு முக்லா (ஹிஜ்ரி 272–328, கி.பி. 886–940). எழுத்தின் அழகைக் கண்மதிப்பிற்கு விட்டுவிடாமல் அளவைக்கு உட்படுத்திய பெருமை அவருடையது. எழுதுகோலின் முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோலாயிற்று. அலிஃபின் உயரம் புள்ளிகளால் வரையறுக்கப்பட்டது. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டம் பிற எழுத்துகளின் வளைவுகளுக்கு அடிப்படையாயிற்று. அரசியற் பகையால் வலக்கை துண்டிக்கப்பட்ட பின்னரும், எஞ்சிய கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

அம்முறையைச் செம்மைப்படுத்திய இப்னுல் பவ்வாப் (மறைவு கி.பி. 1022) ஒரு வாயிற்காவலரின் மகன். முதலில் வீடுகளுக்கு வண்ண வேலைப்பாடு செய்தார். பின்னர் நூல்களை அணிசெய்தார். அதன் பிறகே எழுத்துக்கு வந்தார். ஹிஜ்ரி 391இல் பக்தாதில் அவர் எழுதிய குர்ஆன் பிரதி, டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது.

உஸ்மானியர் காலத்தில் ‘மஷ்க்’ எனும் பயிற்சிமுறை உருப்பெற்றது. காரியத்தை எளிதாக்கி நன்மையுடன் நிறைவுசெய்யுமாறு இறைவனை வேண்டும் சிறு துஆவே முதற்பாடம். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவர் பார்த்து எழுதுவார்; பிழையான இடத்தை ஆசிரியர் அதன் கீழேயே திருத்திக் காட்டுவார். அப்பாடம் தேறிய பின்னரே தனியெழுத்துகள். அவற்றின் பின் கூட்டெழுத்துகள். ஆண்டுகள் பல கடந்து ‘இஜாஸா’ பெற்ற பிறகே, தாம் எழுதியதன் கீழ்த் தம் பெயரை இடும் உரிமை மாணவருக்குக் கிட்டியது. ஆட்சிப் பொறுப்பைச் சுமந்த சுல்தான் இரண்டாம் மஹ்மூதும் (ஆட்சி 1808–1839) முஸ்தஃபா ராகிமிடம் மாணவராக அமர்ந்தே கற்றார்.

அமைச்சர், வண்ணவேலைக்காரர், சுல்தான் ஆகிய இம்மூவருக்கும் வேறு தொழில் இருந்தது. ஆகவே, பிற பணிகளுக்கிடையே இக்கலையைப் பயில்வது புதிதன்று; தாழ்ந்ததுமன்று. ஆனால் ஓய்வுநேரக் கலை என்பதற்காக அளவையும் ஆசானும் தேவையில்லை என அவர்கள் எண்ணினாரில்லை.

அரபு எழுத்தணிக் கலையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஒரு கலையின் பெயரைக் காக்கும். கலையைக் காப்பது அதைப் பயிலும் கையே. அரபுத் தமிழில் கிதாபுகளைக் கையால் படியெடுத்த முன்னோரின் வழிவந்த நாம், இன்று அரபுக் கல்லூரிகளிலும் கணினி அச்சையே நம்பியிருக்கிறோம். பயில விழையும் இளைஞருக்கு நாம் கூறுவது இதுதான்: இன்று பிஸ்மில்லாஹ்வை எழுதி மாட்ட வேண்டாம். ஒரு புள்ளியைச் சரியாக இடுங்கள். அப்புள்ளிகளால் ஓர் அலிஃபை அளந்து எழுதுங்கள். அதனைத் திருத்தித் தரக்கூடிய ஒருவரிடம் கொண்டு சென்று காட்டுங்கள்.